முன்தீர்ப்பு எதைச் சொன்னது, எதைச் சொல்லவில்லை: வாழவந்தியும் பர்கூரும்

ஏற்காடு வட்டத்தின் வாழவந்தியில் வாழும் மலையாளி மக்கள் பழங்குடியினர். ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் அதே பெயரோடு வாழ்பவர்கள் சட்டப்படி பழங்குடியினர் அல்லர். (கேரள மலையாளிகளோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது, காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று தம் வழிவழிக் கதையைச் சொல்லும் தமிழர்கள் இவர்கள்.) தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியல் மலையாளியைத் தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களுக்குள் மட்டுமே அங்கீகரிக்கிறது. ஈரோடு அடங்கியிருந்த பழைய கோயம்புத்தூர் அதில் இல்லை.

பர்கூர்க்காரர் நீதிமன்றம் போனால் அவருக்கான விடை 2000 நவம்பரிலேயே எழுதப்பட்டுவிட்டது. மகாராஷ்டிர அரசு எதிர் மிலிந்த் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், பட்டியலை உள்ளபடியே படிக்க வேண்டும், ஒரு சமூகம் அதற்குள் அடங்கும் என்று சாட்சியம் வாங்கி முடிவு செய்யக் கூடாது, திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை என்றனர். அரசமைப்பின் 141ஆம் பிரிவால் அது எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்துகிறது.

இந்தக் கண்டிப்பை நான் ஆதரிக்கிறேன். அந்த வழக்கில் கோஷ்டி சமூகத்தவர் தம்மை ஹல்பா பழங்குடியினராகக் கருதக் கோரினர். நீதிபதிக்கு நீதிபதி பட்டியல் விரியுமானால், நல்ல வழக்கறிஞரை அமர்த்த வசதியுள்ளவர்களே உள்ளே வருவார்கள்; இழப்பு வாழவந்திப் பிள்ளைகளுக்கு. மெய்தேய் மக்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரைப்பதைப் பரிசீலிக்குமாறு மணிப்பூர் உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் மாநில அரசுக்கு ஆணையிட்டது. அந்த ஆணை இருந்த பத்தியை அதே நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் நீக்கியதற்கும் மிலிந்த் தீர்ப்பே காரணம்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. முன்தீர்ப்பில் கட்டுப்படுத்தும் பகுதி எது என்பதே பிசகிவிடுகிறது. மிலிந்த் தீர்ப்பு, வழக்கின் மையத்தில் இருந்த மருத்துவ மாணவர் மிலிந்தின் படிப்பை மட்டும் காப்பாற்றியது. அந்தச் சலுகையையே விதியாக்கி, பொய்ச் சான்றால் பெற்ற வேலைகளையும் சில அமர்வுகள் காத்தன. ஒரு வழக்கில் முழு நீதி செய்ய உச்ச நீதிமன்றத்துக்கு இடமளிக்கும் 142ஆம் பிரிவின்படி தரப்பட்ட நிவாரணம் விதியாகாது என்று மூன்று நீதிபதிகள் தெளிவாக்கியது 2017இல்தான், பாஹிரா வழக்கில். பதினேழு ஆண்டுகள்!

பர்கூரிலும் இதே பிசகுக்கு இடமிருக்கிறது. மிலிந்த் தீர்ப்பு நீதிமன்ற அதிகாரத்தின் எல்லையைப் பற்றியது. பட்டியலுக்கு வெளியே நிற்பவர்கள் பழங்குடியினர் அல்லர் என்ற உண்மை முடிவு அதில் எங்கும் இல்லை. "எங்களால் விசாரிக்க இயலாது" என்பதை "விசாரித்து மறுத்துவிட்டோம்" என்று படித்தால், ஒரு மக்களின் வரலாறு கேட்கப்படாமலேயே மறுக்கப்பட்டதாகிவிடும். ஆகவே அத்தகைய மனுவைத் தள்ளுபடி செய்யும் ஆணையிலேயே, உண்மை பற்றி எதுவும் தீர்மானிக்கப்படவில்லை என்று ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரி பட்டியலை அசைக்காது, முன்தீர்ப்பையும் மீறாது.

நரிக்குறவர் பட்டியலில் இடம்பெற்றது 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தால். பர்கூருக்கும் அதுவே வழி: மாநிலப் பரிந்துரை, இந்தியத் தலைமைப் பதிவாளரின் ஒப்புதல், தேசியப் பழங்குடியினர் ஆணையத்தின் ஒப்புதல், பிறகு சட்டம். நீதிமன்றம் கேட்க முடியாத சாட்சியங்களை அந்தக் கோப்பு கேட்கலாம்.