சீட்டு மேசையும் சாரா ஆன்ட்டியும்

கொச்சியில் வேலை பார்த்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் மட்டாஞ்சேரிதான். ஜூ டவுன் தெருவில் மிளகு, சுக்கு வாசனையோடு வரிசையாகப் பழம்பொருள் கடைகள். தேக்குக் கதவு, மரத்தூண், பித்தளை உருளி... விலை கேட்டால் தலை சுற்றும். "இது யார் வீட்டுது?" என்று கேட்டால், "பழைய வீடு சார்" என்பதோடு சரி.

போன மாதம் அந்தத் தெரு திடீரென்று ஞாபகத்துக்கு வந்தது. இங்கே மாசசூசெட்ஸில், பிளிமத் ஊரின் பில்கிரிம் ஹால் மியூசியத்தில் ஒரு சீட்டாட்ட மேசை இருக்கிறது. அமெரிக்கா பிரிட்டிஷ் காலனியாக இருந்த 18-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மேல்பரப்பு முழுக்க எம்பிராய்டரி. பூக்களுக்கு நடுவே, யாரோ ஆட்டத்தைப் பாதியில் விட்டுப் போனதுபோல் சீட்டுகள் கிடக்கின்றன. எல்லாமே நூல்!

தைத்தவர் மெர்சி ஓட்டிஸ் வாரன் (1728-1814). லேசுப்பட்டவர் இல்லை. பிரிட்டிஷ் ஆட்சியைக் கிண்டலடித்து நாடகங்கள் எழுதியவர். 1805-ல் அமெரிக்கப் புரட்சியின் வரலாற்றை மூன்று தொகுதிகளாக வெளியிட்டவர். அந்தப் பெயர் ஒட்டியிருப்பதால்தான் அது வெறும் பழைய மேசையாக இல்லை.

நிற்க. மட்டாஞ்சேரியிலும் அப்படி ஒரு பெயர் உண்டு: சாரா கோஹன். ஊருக்கே சாரா ஆன்ட்டி. 1568-ல் கட்டிய பரதேசி சினகாக் இருக்கும் அதே தெருவில் அவருடைய எம்பிராய்டரி கடை. யூதர்கள் தலையில் வைக்கும் கிப்பா, சப்பாத் ரொட்டியை மூடும் துணி எல்லாம் தைத்து விற்றார். 1948-ல் இஸ்ரேல் உருவான பிறகு கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள். வீடுகள் கைமாறின. இவர் கிளம்பவில்லை. கடைசிக் காலத்தில் இவரைக் கவனித்துக்கொண்டவர் தாஹா இப்ராஹிம் என்ற முஸ்லிம். சிறுவனாகத் தெருவில் போஸ்ட்கார்டு விற்றவர். 2019 ஆகஸ்ட் 30 அன்று, 96 வயதில் சாரா ஆன்ட்டி காலமானார்.

அவர் கடையில் வாங்கிய ரொட்டித் துணி ஒன்று என்னிடம் இருக்கிறது. எங்கள் பாட்டி பூப்போட்டுத் தைத்த தலையணை உறையும் அதே பெட்டியில்தான். ஊரில் வீட்டை விற்றபோது பாட்டியின் ஈட்டிமரக் கட்டிலைப் பழைய சாமான்காரரிடம் போட்டோம். இப்போது அது எந்தக் கடையில் "பழைய வீடு சார்" ஆகிக் கிடக்கிறதோ.

பிளிமத்திலிருந்து திரும்பிய அன்றே இரண்டு துண்டுச் சீட்டு எழுதித் துணிகளோடு வைத்தேன். ஒன்றில் 'சாரா கோஹன், மட்டாஞ்சேரி'. மற்றதில் பாட்டி பெயர். பாட்டி எந்த வருடம் தைத்தாள் என்று கேட்க அம்மாவுக்கு போன் செய்தேன். அம்மாவுக்கும் தெரியவில்லை.

உங்கள் வீட்டில் கேட்க இன்னும் ஆள் இருந்தால், இன்றே கேட்டு எழுதிவையுங்கள்.