மொட்டைமாடிக்கு ஒரு பட்டம், பால்கனிக்கு ஒரு பட்டம்

ஒரே பொட்டலத்து வெண்டை விதையில் பாதியை ஆடியில் மொட்டைமாடியிலும், மீதியை இரண்டாம் தளத்துத் தெற்குப் பார்த்த பால்கனியிலும் ஊன்றிப் பாருங்கள். புரட்டாசியில் மாடிச் செடி காய்த்துவிடும். பால்கனிச் செடியோ வெளிச்சம் தேடி நூலாக நீண்டு, கம்பிமேல் சாய்ந்து நிற்கும். விதைமேல் குற்றமில்லை. சென்னை அடுக்ககவாசிகள் பலர் மாடித்தோட்டக் குறிப்பைப் பால்கனியில் நட்டுவிடுகிறார்கள், சிக்கல் அங்கேதான்.

முதல் வேறுபாடு வெயில். மொட்டைமாடிக்கு மேலே வானம்; பால்கனிக்கு மேலே அடுத்த வீட்டுத் தளம். மாடியில் திசை ஒரு பொருட்டல்ல; பால்கனியில் திசைதான் எல்லாம். சென்னை இருப்பது 13 பாகை வட அட்சத்தில். ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஆடி முழுக்கத் தெற்குப் பால்கனிக்கு நேர்வெயில் கிடையாது. மார்கழியில் உச்சிச் சூரியன் தெற்கே ஏறத்தாழ 53 பாகை உயரத்துக்கு இறங்கிவிடும். அப்போது வெயில் சாய்ந்து உள்ளே வந்து விழும். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது மழையை நம்பிய நிலத்துக்குச் சொன்னது. மழையும் விழாத, வெயிலும் எட்டாத தெற்குப் பால்கனிக்கு மார்கழியும் தையுமே பட்டம். கிழக்குப் பால்கனிக்கு ஆண்டு முழுதும் காலை வெயில் உண்டு. மேற்குப் பால்கனியில் சித்திரைப் பிற்பகலில் சுவரே அனல் கக்கும். நிழல்வலை இல்லாமல் ஆகாது.

அடுத்தது தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மாடிப்பைகளில் நீர் தேங்கி வேர் அழுகும். கோடையில் இரு வேளை ஊற்ற வேண்டும். பால்கனியில் அந்த மழை இலையைக் கழுவாததால், மாவுப்பூச்சி இலைக்கு அடியில் நிம்மதியாகக் குடியேறிவிடும். வாரம் ஒருமுறை இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீர் பீய்ச்சுவதே பாதி மருந்து. மீதிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காவிட்டால், கீழ்வீட்டுக் கொடியில் காயும் துணிமேல் செம்மண் நீர் சொட்டும். பிறகு செடியைவிடச் சண்டை வேகமாக வளரும்.

எடையும் கவனிக்க வேண்டியது. ஒரு கன அடி ஈர மண் 50 கிலோ அளவுக்குக் கனக்கும். இரு இடத்துக்கும் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த பையே நல்லது.

தேனீ மாடிக்கு வருவதுபோல் பால்கனிக்குள் எளிதில் வராது. ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே பூக்கும் புடலைக்கும் பாகலுக்கும் பால்கனியில் நாமே மகரந்தம் தொட்டு வைக்க வேண்டியிருக்கும். தக்காளிக்கும் மிளகாய்க்கும் அந்தத் தொல்லையில்லை. பூங்கொத்தை விரலால் தட்டினால் போதும். ஆனால் இரண்டும் ஆறு மணி நேர வெயில் கேட்கும்.

ஆக, காய் மாடிக்கு, இலை பால்கனிக்கு. கீரைக்கு மூன்று, நான்கு மணி நேர வெயிலும் ஆறு அங்குல ஆழமும் போதும். வெந்தயக்கீரை மூன்று வாரத்தில் தயார். ஆய்ந்த புதினாவின் தண்டை ஊன்றினாலே துளிர்க்கும். அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் கொத்தமல்லியை இரண்டாக உடைத்துத் தூவினால் முளைக்கும்.

விதை வாங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மணிக்கொருமுறை, வெயில் விழும் எல்லையைப் பால்கனித் தரையில் சாக்பீஸால் கோடிடுங்கள். ஆறு மணி நேரம் தேறாத இடத்துக்குக் கீரை விதையே வாங்குங்கள்.