வயசாயிடுச்சு... அவ்ளோதானா?

கொடைக்கானல்னா நமக்கு ஏரி, பில்லர் ராக்ஸ், ஹோம்மேட் சாக்லேட். ஆனா வெளியூர்க்காரங்க அங்க முதல்ல வீடு கட்டினது ஊர் சுத்திப் பாக்க இல்லீங்க, உயிர் பிழைக்க. மதுரைப் பக்கம் இருந்த அமெரிக்க மிஷன்காரங்க காலராவுக்கும் காய்ச்சலுக்கும் மனைவி, குழந்தைகளைப் பறிகொடுத்துட்டு, 1845-ல் பழனி மலை மேல ரெண்டு பங்களா கட்டினாங்க. ரோடு வர்ற வரைக்கும், நடக்க முடியாதவங்களை நாற்காலியில உக்கார வச்சுத் தூக்கிட்டுத்தான் போகணும்.

இதுல ஒரு முரண் இருக்கு. காய்ச்சலுக்கு நல்லதுன்னு தேடிப்போன அந்த 2,100 மீட்டர் உயரம், பலவீனமான இதயத்துக்கு அவ்வளவு நல்லதில்லை. அங்க மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்சிஜன் சமவெளியை விட ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு கம்மி.

அந்த ஊர்லதான் டாக்டர் ஐடா ஸ்கடர் கடைசிக் காலத்தைக் கழிச்சாங்க. 1870-ல் ராணிப்பேட்டையில பிறந்தவங்க, 1960 மே மாசம், 89 வயசுல கொடைக்கானல்ல காலமானாங்க. ஒரே ராத்திரியில மூணு பிரசவம், மூணு சாவு... அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும், விட்டுடறேன். வேலூர் சி.எம்.சி.யும் தெரியும். அதிகம் பேசப்படாதது 1909. அந்த வருஷம்தான் வேலூர்ல நர்ஸ் பயிற்சிப் பள்ளி ஆரம்பிச்சாங்க. பொண்ணை நர்ஸ் வேலைக்கு அனுப்பவே குடும்பங்கள் தயங்கின காலம் அது. 1946-ல் அது பட்டப்படிப்பாச்சு. அதே வருஷம் டெல்லியிலயும் ஒரு நர்சிங் கல்லூரி. 1959-ல் டெல்லியில முதுகலையும் வந்துடுச்சு.

பட்டத்துல என்ன இருக்குன்னு கேக்கலாம். நிறைய இருக்கு. டாக்டர் ரவுண்ட்ஸ்ல அஞ்சு நிமிஷம் பாப்பார். நோயாளி மூணு தலகாணி வச்சாத்தான் தூங்குறார், ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சு முட்டி எழுந்து உக்கார்றார், நேத்து போட்ட செருப்பு இன்னைக்கு வீங்கின காலுக்குப் பத்தலை... இதெல்லாம் நர்ஸுக்குத்தான் தெரியும். நோயாளியைக் கவனிக்கிறதுக்குன்னே 1859-ல் வந்த தன் புத்தகத்துல நைட்டிங்கேல் அம்மா தனி அத்தியாயம் வச்சாங்க. ஆனா அந்தக் கவனிப்பு ரொம்ப காலம் வார்டு நோட்டுலயே கிடந்தது. அதை எண்ணி, அளந்து, ஆராய்ச்சியா எழுத நர்ஸுங்களுக்குப் படிப்பும் பட்டமும் வேண்டியிருந்துச்சு.

இதயச் செயலிழப்புன்னா இதயம் நின்னு போறது இல்லை. பம்பு வேலைக்குப் பத்தாம போறது. நியூயார்க் இதய சங்கம் 1928-லேயே, எவ்வளவு வேலை செஞ்சா மூச்சு வாங்குதுங்கறதை வச்சு நோயாளிகளை நாலு வகுப்பாப் பிரிச்சுது. இன்னைக்கும் அதான் புழக்கத்துல இருக்கு.

உடல் நலிவுங்கற விஷயம் பின்னால வந்தது. 2001-ல் லிண்டா ஃபிரீட் குழு அஞ்சு அடையாளம் சொன்னாங்க: தானா எடை குறையறது, எப்பவும் அசதி, கைப்பிடி பலம் குறையறது, நடை மெதுவாகறது, நடமாட்டம் சுருங்கறது. இதுல மூணு இருந்தா நலிவு.

இங்கதான் சிக்கல். அசதியும் மெதுநடையும் இதய நோய்க்கும் அறிகுறி, நலிவுக்கும் அறிகுறி. எடை இன்னும் மோசம். உடம்புல தசை கரைஞ்சுக்கிட்டே இருக்கும், அந்த இடத்துல தண்ணி சேர்ந்துக்கும். தராசு முள் அசையாது! வீட்டுல "உடம்பு தேறிடுச்சு"ன்னு சந்தோஷப்படுவோம் :-(

குயின் டென்ஃபெல்டுன்னு அமெரிக்காவுல ஒரு நர்சிங் ஆராய்ச்சியாளர். அவங்க குழு 2017-ல் 26 ஆய்வுகளை, மொத்தம் 6,896 நோயாளிகளை ஒண்ணாச் சேர்த்துப் பார்த்தாங்க. 44.5 சதவீதம் பேருக்கு நலிவு. என்னை உக்கார வச்சது அடுத்த வரிதான்: அந்த ஆய்வுகள்ல வயசுக்கும் நலிவு அளவுக்கும் குறிப்பிடும்படியான தொடர்பு தெரியலை. அப்ப நாம தாத்தா பாட்டிக்கு மட்டும்னு ஒதுக்கி வச்ச "வயசாயிடுச்சு" எங்க போச்சு?

நம்ம பக்கத்துக்கு இது இன்னும் முக்கியம். 2013-ல் 1,205 பேரைச் சேர்த்த திருவனந்தபுரம் இதயச் செயலிழப்புப் பதிவேட்டுல சராசரி வயசே 61 தான். மேல்நாட்டுல இதே நோய்க்கு ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க பெரும்பாலும் எழுபதைத் தாண்டினவங்க.

கருவி எதுவும் வேண்டாம்னா, மலையடிவாரத்துல பழனி இருக்கே! 693 படி. 1966-ல் விஞ்ச், 2004-ல் ரோப் கார் வந்தாச்சு. அதுல போறது தப்பே இல்லை. ஆனா போன வருஷம் மண்டபத்துக்கு மண்டபம் உக்காந்தாவது ஏறினவர், இந்த வருஷம் கீழேயே "நான் விஞ்ச்ல வந்துடறேன்"னா, அது மருத்துவத் தகவல். செக்கப்புக்குப் போறப்ப "கொஞ்சம் மூச்சு வாங்குது சிஸ்டர்"னு மொட்டையாச் சொல்லாம, போன வருஷம் எத்தனை படியில நின்னீங்க, இந்த வருஷம் எத்தனையில நின்னீங்கன்னு சொல்லுங்க. அவங்க எழுதிக்குவாங்க.