பச்சை குத்தப் போய் பரிதவிக்கும் வாலிபர்கள்: டாட்டூ கடைகளில் நடப்பது என்ன?

ஆசை ஆசையாக டாட்டூ கடைக்குள் நுழைகிறார்கள். 2 மணி நேரம் பல்லை கடித்துக்கொண்டு வலியை தாங்குகிறார்கள். எல்லாம் முடிந்து கையை பார்த்தால் பகீர் என்கிறது. கேட்டது ஒன்று, கையில் இருப்பது இன்னொன்று.

"அண்ணே, இது நான் கேட்ட மாதிரி இல்லையே" என்றால், "ரெண்டு வாரம் போகட்டும் தம்பி, ஆறினதும் கரெக்டா வந்துடும்" என்று பதில் வருகிறது. 2 வாரம் போகிறது. தோல் ஆறுகிறது. தப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

சட்டை பிடிக்கவில்லை என்றால் கடையில் மாற்றிக்கொள்ளலாம். முடிவெட்டு சரியில்லை என்றால் ஒரு மாதத்தில் வளர்ந்து விடும். தோலுக்குள் போன மை அப்படிப்பட்டது அல்ல. அதனால்தான் மற்ற கடைகளில் ஏமாறுவதைவிட டாட்டூ கடையில் ஏமாறுவது அதிகம் வலிக்கிறது.

பாட்டி காலத்து பச்சை

பச்சை குத்துவது தமிழ்நாட்டுக்கு புதிது அல்ல. குறவர் இன பெண்கள் தெருத்தெருவாக வந்து திண்ணையில் உட்கார்ந்து பச்சை குத்திய காலம் ஒன்று உண்டு. பாட்டிமார்களின் முன்கையில் கோலப்புள்ளி, தேள், கணவர் பெயர் என்று இன்றைக்கும் பார்க்கலாம். மஞ்சளையும் அகத்தி கீரையையும் துணியில் திரித்து, விளக்கெண்ணெயில் எரித்து, அதில் படியும் கரியைத்தான் அன்று மையாக பயன்படுத்தினார்கள். தோலுக்கு அடியில் அந்த கரி பச்சை நிறமாக தெரிந்ததால் பச்சை என்றே பெயர் வந்தது.

இப்போது அந்த இடத்தை மின்சார எந்திரம் பிடித்துவிட்டது. அமெரிக்காவில் எடிசன் கண்டுபிடித்த மின்சார பேனாவை அடிப்படையாக வைத்து, நியூயார்க்கை சேர்ந்த சாமுவேல் ஓ ரெய்லி 1891-ம் ஆண்டு டாட்டூ எந்திரத்துக்கு காப்புரிமை வாங்கினார். ஊசி தோலின் மேல் அடுக்கை தாண்டி, 1 முதல் 2 மில்லி மீட்டர் ஆழத்தில் மையை வைக்கிறது. மேல் தோல் உதிர்ந்து புதிதாக வரும். அடியில் இருக்கும் தோல் அப்படி உதிராது. மை நிலைத்து நிற்பது அதனால்தான்.

இந்த அளவு தப்பினால் வேலை கெட்டது. ஊசி மேலோட்டமாக போனால் சில மாதத்திலேயே நிறம் திட்டுத்திட்டாக போய்விடும். ஆழமாக போனால் மை பக்கவாட்டில் பரவி, கோடு நனைந்த காகிதத்தில் எழுதியது போல ஊறி விடும். கை பழகாதவர்கள் செய்யும் முதல் தப்பு இதுதான். போர்டில் இருக்கும் படம் கைதேர்ந்தவர் போட்டது. ஊசியை பிடிப்பவர் நேற்று சேர்ந்த பையனாக இருந்தால் வாடிக்கையாளரின் தோல்தான் அவருக்கு பயிற்சி நோட்டு.

புள்ளி போச்சு, பெயர் போச்சு

நம் ஊரில் அதிகம் பேர் குத்திக்கொள்வது பெயர். அப்பா பெயர், அம்மா பெயர், காதலி பெயர், குழந்தை பெயர். இதில்தான் வில்லங்கமும் அதிகம்.

கடைக்காரர் பெயரை கம்ப்யூட்டரில் அடித்து, அச்செடுத்து, தோலில் ஒட்டி, அதன் மேல் ஊசியை ஓட்டுகிறார். பல டிசைன் சாப்ட்வேர்களில் தமிழ் எழுத்து ஒழுங்காக விழாது. ‘செல்வி’ என்று அடித்தால் கொம்பு முன்னால் வராமல் சகரத்துக்கு பின்னால் போய் நிற்கும். ‘கொ’ என்ற எழுத்து துண்டு துண்டாக சிதறும். ஊசி பிடிப்பவர் தமிழ் தெரியாத வெளிமாநிலத்துக்காரர் என்றால் அது தப்பு என்றே அவருக்கு தெரியாது. படம் வரைவது போல அப்படியே குத்திவிடுவார்.

ஒரு புள்ளி விட்டுப்போனால் ‘அம்மா’ என்பது ‘அமமா’ ஆகிவிடும். ழகரம், ளகரம் மாறினால் பெயரே வேறு. புள்ளியை கூட பிறகு வைத்துவிடலாம். கூடுதலாக விழுந்த கொம்பை எடுக்க முடியாது.

எழுத்தின் அளவும் முக்கியம். ‘ண’, ‘ணை’ போன்ற எழுத்துகளில் சுழி அதிகம். சின்னதாக, அழகாக வேண்டும் என்று கடுகு அளவில் எழுதினால், சில வருடத்தில் மை பரவி சுழிகள் எல்லாம் அடைபட்டு கருப்பு பொட்டாகிவிடும். இதை சொல்லி எச்சரிப்பது நல்ல கடை. கேட்டதை கேட்டபடி குத்தி காசு வாங்குவது மோசமான கடை.

பிரபலங்களும் தப்பவில்லை

இந்த தொல்லை உலக பிரபலங்களையும் விடவில்லை. இங்கிலாந்து கால்பந்து வீரர் டேவிட் பெக்காம் 2000-ம் ஆண்டு மனைவி விக்டோரியாவின் பெயரை இந்தியில் கையில் குத்திக்கொண்டார். அதில் எழுத்துப்பிழை இருப்பதாக உலகம் முழுவதும் பேச்சானது. அமெரிக்க பாடகி அரியானா கிராண்டே 2019-ம் ஆண்டு தன் பாடலின் பெயரான ஏழு மோதிரங்கள் என்பதை ஜப்பானிய எழுத்தில் உள்ளங்கையில் குத்தினார். வலி தாங்காமல் சில எழுத்துகளை விட்டுவிட்டார். மிஞ்சிய 2 எழுத்துக்கு ஜப்பானிய மொழியில் கரி அடுப்பு என்று அர்த்தம் வந்தது.

தெரியாத மொழியில் குத்திக்கொள்ள விரும்புபவர்கள், அந்த மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் நாற்காலியில் உட்காரக்கூடாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

அம்மா முகம், அம்மா போல இல்லை

பெயருக்கு அடுத்து மனதை உடைப்பது உருவப்படம். இறந்துபோன தாய், தந்தையின் முகத்தை நெஞ்சில் சுமக்க ஆசைப்பட்டு வருகிறவர்கள் உண்டு. முகம் குத்துவது தனி வித்தை. பூ, எழுத்து, டிசைன் நன்றாக போடும் எல்லோருக்கும் முகம் வராது. கண்ணில் ஒரு நூல் அளவு மாறினாலும் ஆளே மாறிவிடுவார். குளித்துவிட்டு கண்ணாடி முன் நிற்கும்போதெல்லாம் நெஞ்சில் யாரோ ஒரு முகம் பார்த்தால் அந்த மகனுக்கு எப்படி இருக்கும்? போன தாயை இன்னொரு முறை இழந்தது போலத்தான்.

இதில் கொடுக்கும் போட்டோவும் காரணம். செல்போனில் எடுத்த மங்கலான படம், கல்யாண ஆல்பத்தில் கூட்டத்தில் நிற்கும் படம் எல்லாம் முகம் குத்த உதவாது. செல்பி படத்தில் இன்னொரு சிக்கல். பல போன்களில் செல்பி இடம் வலமாக பதிவாகும். இடது கன்னத்து மச்சம் வலது கன்னத்துக்கு போய்விடும். முகம் குத்தும் கலைஞர் முன்பு போட்ட முகங்களை, அதுவும் ஆறிய பிறகு எடுத்த படங்களை கேட்டு வாங்கி பார்க்க வேண்டும். அன்றைக்கு எடுத்த படத்தில் எல்லாமே பளபளவென்றுதான் இருக்கும்.

ரேட் ஒன்று, பில் ஒன்று

கடைகளில் சதுர அங்குலத்துக்கு இவ்வளவு, அல்லது மணிக்கு இவ்வளவு என்று கணக்கு வைக்கிறார்கள். போனில் ஒரு ரேட் சொல்வார்கள். பாதி குத்தியதும் கலருக்கு தனி, ஷேடிங்குக்கு தனி, மரத்துப்போகும் கிரீமுக்கு தனி என்று ஏறும். பாதி டாட்டூவோடு எழுந்து போக யாராலும் முடியாது. அது தெரிந்துதான் கேட்கிறார்கள்.

முன்பணம் வாங்கிவிட்டு தேதியை தள்ளிப்போடுவது, பில் தராதது, ‘டச்சப் இலவசம்’ என்று சொல்லிவிட்டு பிறகு போனை எடுக்காதது என்று புகார்களின் பட்டியல் நீளும்.

கடைக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆறும் முன்பு சொறிவது, பொருக்கை பிய்ப்பது, மறுநாளே கிணற்றில் குதித்து குளிப்பது, வெயிலில் அலைவது என்று வாடிக்கையாளரே கெடுப்பதும் உண்டு. விரலிலும் உள்ளங்கையிலும் போட்ட டாட்டூ சீக்கிரம் மங்குவது இயற்கை. அதற்கு கடைக்காரரை குறை சொல்ல முடியாது.

ஊசியும் மையும் உஷார்

அழகு கெட்டால் மனவருத்தம். ஊசி கெட்டால் உயிருக்கே ஆபத்து. ஒருவருக்கு பயன்படுத்திய ஊசியை இன்னொருவருக்கு பயன்படுத்தினால் மஞ்சள் காமாலை பி, சி வைரஸ்களும் எச்.ஐ.வி.யும் பரவும் வாய்ப்பு உண்டு. ஊசி மட்டும் புதிதாக இருந்தால் போதாது. மை ஊற்றும் சின்ன கிண்ணமும் புதிதாக இருக்க வேண்டும். ஒருவருக்கு ஊற்றி மிஞ்சிய மையை பாட்டிலில் திரும்ப ஊற்றினால் புது ஊசிக்கு அர்த்தமே இல்லை.

மையில் என்ன கலந்திருக்கிறது என்பதும் பெரிய கேள்வி. டாட்டூ மை மாதிரிகளில் 22 வகை உலோகங்கள் இருப்பது தெரியவந்ததாக 2025-ம் ஆண்டு கர்நாடக சுகாதாரத்துறை மந்திரி தினேஷ் குண்டுராவ் தெரிவித்தார். மைக்கு தரம் நிர்ணயிக்க வேண்டும் என்றும் அவர் கூறினார். ஐரோப்பிய யூனியனில் 2022 ஜனவரி முதல் டாட்டூ மையில் ஆயிரக்கணக்கான ரசாயனங்களுக்கு கட்டுப்பாடு இருக்கிறது.

திருச்சியில் 2024 டிசம்பரில் நடந்தது தமிழ்நாட்டையே அதிர வைத்தது. டாட்டூ கடை ஒன்றில் வாலிபர்களின் நாக்கை பாம்பு நாக்கு போல இரண்டாக வெட்டி தைத்த வீடியோ வெளியானது. கடை உரிமையாளரும் உடன் இருந்தவரும் கைது செய்யப்பட்டனர். மாநகராட்சி அதிகாரிகள் கடைக்கு சீல் வைத்தனர். டாக்டர் செய்ய வேண்டிய அறுவை சிகிச்சையை டாட்டூ கடையில் செய்தால் அது குற்றம் என்பது அப்போதுதான் பலருக்கும் தெரிந்தது.

குத்திய இடத்தில் 2, 3 நாள் சிவப்பும் லேசான வீக்கமும் இருப்பது சாதாரணம். நாளாக ஆக சிவப்பு பரவுவது, சீழ் வடிவது, காய்ச்சல் அடிப்பது சாதாரணம் அல்ல. கடைக்கு போன் போட்டுக்கொண்டு நிற்காமல் டாக்டரிடம் போக வேண்டும். காயம் பட்டால் தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்கள் டாட்டூ பக்கமே போகாமல் இருப்பது நல்லது. டாட்டூ போட்டவர்கள் 12 மாதத்துக்கு ரத்த தானம் செய்யக்கூடாது என்பதும் விதி.

வேலைக்கே வேட்டு

கிராமத்து மைதானத்தில் விடிகாலையில் ஓடி, போலீஸ், ராணுவ கனவோடு இருக்கும் வாலிபர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இது. மத்திய ஆயுத போலீஸ் படை தேர்வில், முன்கையின் உட்புறத்தில், அதுவும் சல்யூட் அடிக்காத இடது கையில் மட்டும், அல்லது கையின் பின்புறத்தில் இருக்கும் டாட்டூவுக்குத்தான் அனுமதி. அளவும் அந்த பகுதியில் கால் பங்குக்கு குறைவாக இருக்க வேண்டும். ராணுவத்திலும் இப்படி கட்டுப்பாடு உண்டு. கழுத்திலும் வலது தோளிலும் குத்திக்கொண்டு ஓட்டத்தில் முதலாவதாக வந்தாலும் மருத்துவ பரிசோதனையில் கழிக்கப்படலாம். கடைக்காரர் இதை சொல்ல மாட்டார். ஆள்சேர்ப்பு அறிவிப்பை படித்துவிட்டுத்தான் கடைக்கு போக வேண்டும்.

அழிக்க முடியுமா?

முடியும், ஆனால் சுலபம் அல்ல. லேசர் ஒளியை பாய்ச்சி மையை பொடியாக உடைக்கிறார்கள். உடம்பு அதை கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றுகிறது. ஒரே தடவையில் போகாது. 6 முதல் 8 வாரம் இடைவெளியில் பல தடவை செய்ய வேண்டும். வருடக்கணக்கில் ஆகலாம். கருப்பு மை ஓரளவு போகும். பச்சை, நீலம், மஞ்சள் பிடிவாதம் பிடிக்கும். மாநிற, கருப்பு தோலில் லேசர் பட்ட இடம் வெளுத்தோ கருத்தோ போகும் வாய்ப்பும் உண்டு. போட்ட செலவைவிட அழிக்கும் செலவு பல மடங்கு. இதை தோல் டாக்டரிடம்தான் செய்ய வேண்டும். குத்திய கடையிலேயே ‘ரிமூவலும் பண்றோம்’ என்றால் நம்பக்கூடாது.

இன்னொரு வழி, பழையதன் மேல் பெரிதாக வேறு படம் போட்டு மறைப்பது. ஹாலிவுட் நடிகர் ஜானி டெப், காதலி வினோனாவை பிரிந்த பிறகு ‘வினோனா ஃபாரெவர்’ என்ற டாட்டூவில் சில எழுத்தை எடுத்து ‘வைனோ ஃபாரெவர்’ ஆக்கிக்கொண்டார். என்றென்றும் குடிகாரன் என்று அர்த்தம். எல்லோருக்கும் அப்படி சிரித்துக்கொண்டே சமாளிக்க வருமா?

யாரிடம் முறையிடுவது?

டாட்டூ கடையும் காசு வாங்கிக்கொண்டு சேவை செய்யும் கடைதான். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு சட்டம் அதற்கும் பொருந்தும். சேவைக்கு பில் தர மறுப்பதும், குறைபாடான சேவைக்கு பணத்தை திருப்பித்தர மறுப்பதும் அந்த சட்டப்படி முறையற்ற வணிகம். ‘பணம் திருப்பி தரப்படாது’ என்று சுவரில் போர்டு மாட்டிவிட்டால் மட்டும் கடைக்காரர் தப்பிவிட முடியாது.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு போகலாம். கட்டணம் 5 லட்சம் ரூபாய் வரை உள்ள சேவைக்கு மனு கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. பாதிக்கப்பட்டவர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். பாதிப்பு நடந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

ஆனால் கையில் ஆதாரம் வேண்டும். பில், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப்பில் ரேட் பேசியது, கேட்ட டிசைன், குத்திய அன்று எடுத்த படம், ஆறிய பிறகு எடுத்த படம், டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்த வேண்டும். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். பில்லே வாங்கியிருக்க மாட்டார்கள்.

ஊசி படும் முன்

தோலில் மாதிரி ஒட்டியதும் அவசரப்படாமல் ஒரு நிமிடம் நிறுத்த சொல்ல வேண்டும். கண்ணாடியில் எழுத்து இடம் வலமாக தெரியும் என்பதால், முதுகு, கழுத்து என்றால் போனில் படம் எடுத்து படிக்க வேண்டும். கூட வந்தவரை எழுத்துக்கூட்டி சத்தமாக படிக்க சொல்ல வேண்டும். கொம்பு, கால், புள்ளி எல்லாம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊசி பாக்கெட்டை கண் முன்னால் பிரிக்க சொல்ல வேண்டும். மொத்த ரேட்டை எழுதி வாங்க வேண்டும்.

மாதிரி என்பது வெறும் நீல மை. பிடிக்கவில்லை என்றால் ஸ்பிரிட் தொட்டு துடைத்துவிட்டு மறுபடி ஒட்டலாம். 10 தடவை வேண்டுமானாலும் ஒட்டலாம். "இவ்வளவு நேரம் பாக்குறீங்களே" என்று முகம் சுளிக்கும் கடையில் இருந்து எழுந்து வந்துவிடலாம். அந்த நிமிடம் வரைக்கும் எல்லாமே வாடிக்கையாளர் கையில். ஊசி பட்ட பிறகு, அவர் கையில் மிஞ்சுவது பச்சை மட்டும்தான்.