சமூக வலையமைப்புத் தரவு சேகரிப்பு மென்பொருள்களின் வரலாறு

சமூக வலையமைப்பு என்பது மனிதர்களையும் அவர்களுக்கு இடையிலான உறவுகளையும் குறிக்கும். முகநூல் போன்ற இணையதளங்களை மட்டும் இச்சொல் குறிப்பதில்லை. யார் யாருடன் பழகுகிறார், யாரிடம் அறிவுரை கேட்கிறார் என்பன போன்ற விவரங்கள், நோய் பரவும் வழியையும் நலப் பழக்கங்கள் பரவும் வழியையும் அறிய உதவுகின்றன. இவ்விவரங்களை நேர்காணல் மூலம் திரட்டப் பயன்படும் மென்பொருள்களின் வரலாறு காகிதத்தில் தொடங்குகிறது.

தொடக்கம்

1932 இல் நியூயார்க் மாநிலத்தின் அட்சன் நகரிலிருந்த சிறுமியர் பயிற்சிப் பள்ளியிலிருந்து மாணவியர் பலர் அடுத்தடுத்துத் தப்பியோடினர். உளநல மருத்துவர் யாக்கோபு மொரேனோ, யாருடன் சேர்ந்து வாழ விரும்புகிறீர்கள் என்று மாணவியரிடம் கேட்டார். அவர்களின் விடைகளைப் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் வரைந்தார். தப்பியோடும் எண்ணம் அக்கோடுகளின் வழியே பரவியது என்பது அவரது விளக்கம். இவ்வரைபடம் சமூகவரைவு எனப்பட்டது. இது பற்றிய அவரது நூல் 1934 இல் வெளிவந்தது.

எய்ட்சு ஆய்வும் ஒரு பிழையும்

1984 இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மைய ஆய்வாளர்கள், 10 நகரங்களைச் சேர்ந்த 40 எய்ட்சு நோயாளிகள் பாலுறவுத் தொடர்பால் இணைந்திருந்ததை வரைபடமாக வெளியிட்டனர். நோய்க்குக் காரணம் தொற்றுக்கிருமியே என்ற கருத்துக்கு இது வலுச் சேர்த்தது. கலிபோர்னியாவுக்கு வெளியே வாழ்ந்த ஒரு நோயாளியைக் குறிக்க இடப்பட்ட ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்து சுழியமாக வாசிக்கப்பட்டது. அவரே அமெரிக்காவுக்கு நோயைக் கொண்டுவந்தவர் என்ற பழி, அவர் இறந்தபின் 1987 இல் உலகெங்கும் பரவியது. 2016 இல் வெளியான மரபணு ஆய்வு அது தவறு என்று காட்டியது. மற்றவர்களைவிட அதிகமான பெயர்களை அவர் நினைவுகூர்ந்து தந்ததும் வரைபடத்தின் நடுவில் அவர் தோன்றியதற்கு ஒரு காரணமாகும். தரவு எவ்வாறு திரட்டப்படுகிறது என்பது முடிவையே மாற்றக்கூடும் என்பதற்கு இது சான்றாகும்.

காகிதத்திலிருந்து திரைக்கு

வலையமைப்பு நேர்காணல் இரு தரப்பினருக்கும் களைப்பூட்டுவது. ஒருவர் 20 பேரைக் குறிப்பிட்டால், அவர்களுள் யார் யாரை அறிவார் என்று அறிய 190 இணைகளைப் பற்றிக் கேட்க வேண்டும். 45 பேர் எனில் இது 990 ஆகும். களைத்தவர் பெயர்களைக் குறைத்துச் சொல்வார், தரவும் குறைபடும்.

இச்சுமையைக் குறைக்கக் கணினிக் கருவிகள் தோன்றின. ஈகோநெட், வென்மேக்கர் ஆகியன அவற்றுள் சில. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய நெட்வொர்க் கேன்வாஸ் கட்டற்ற திறமூல மென்பொருள் ஆகும். இதில் பதிலளிப்பவர் தொடுதிரையில் பெயர்களை வட்டங்களுக்குள் இழுத்து வைத்து, அறிமுகமானவர்களைக் கோட்டால் இணைக்கிறார். இணை இணையாகக் கேட்க வேண்டியதில்லை.

யேல் பல்கலைக்கழகத்தில் உருவான டிரெல்லிஸ் முழுக் கிராமங்களின் வலையமைப்பைத் திரட்டப் பயன்படுகிறது. இணையத் தொடர்பு இல்லாத இடங்களிலும் கைக்கணினியில் இது இயங்கும். ஒரே பெயர் கொண்டோரை ஒளிப்படங்களால் வேறுபடுத்தி அறியலாம். ஒண்டுராசின் 176 கிராமங்களில் 24,702 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2024 இல் வெளியான தாய்சேய் நல ஆய்வு குறிப்பிடத்தக்கது. தற்செயலாகத் தேர்ந்த குடும்பங்களுக்கு அளிப்பதைவிட, அவர்கள் குறிப்பிட்ட நண்பர்களின் குடும்பங்களுக்கு நலக்கல்வி அளித்தால், கல்வி பெறாதவர்களுக்கும் அதன் பயன் மேலும் பரவுவதை அது காட்டியது.

தனியுரிமை

பதிலளிப்பவர் ஆய்வுக்கு இசைவு தருகிறார். அவர் பெயர் சொல்லும் நண்பர்களோ இசைவு தருவதில்லை. போதைப்பொருள் பயன்பாடு, பாலுறவு ஆகியவற்றைப் பற்றிய ஆய்வுகளில் ஒரு பெயர் கசிந்தாலும் பெருந்தீங்கு நேரலாம். எனவே முழுப்பெயருக்குப் பதில் புனைபெயரையோ முதலெழுத்துகளையோ பதிதல், தரவை மறையாக்கம் செய்தல், பகுப்பாய்வுக்கு முன் பெயர்களை நீக்கிக் குறியெண் இடுதல் ஆகிய முறைகள் பின்பற்றப்படுகின்றன. ஒரு குறியீட்டின் தவறான வாசிப்பே ஒரு மனிதரின் பெயரைப் பல ஆண்டுகள் கெடுத்தது என்பதால், இம்முறைகள் ஆய்வின் அடிப்படைத் தேவைகளாகக் கருதப்படுகின்றன.