ஓடையைத் தாண்டலாமா, வேண்டாமா? அகஸ்தாவின் 13-ஆம் குழி ஏன் இத்தனை பேரைக் கவிழ்த்தது

2025 ஏப்ரல் 14, திங்கட்கிழமை. சித்திரைப் புத்தாண்டு. ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் பலர் கோவிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த விடியற்காலையில், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இன்னும் ஞாயிறு மாலைதான். அகஸ்தா நேஷனல் மைதானத்தில் மாஸ்டர்ஸ் கோல்ப் போட்டியின் கடைசிச் சுற்று. வட அயர்லாந்தின் ரோரி மெக்கில்ராய் வசதியான முன்னிலையோடு 13-ஆம் குழிக்கு வந்தார்.

எதிரே ஓடை. தாண்ட முயலாமல், பந்தை ஓடைக்கு இந்தப் பக்கமே பாதுகாப்பாக நிறுத்தினார். மீதி இருந்தது 100 கஜத்துக்கும் குறைவு. தொழில்முறை ஆட்டக்காரருக்கு இது தினமும் பயிற்சி செய்கிற அடி. அந்த அடி வலது பக்கம் போய், சரிவில் உருண்டு, ஓடைக்குள் விழுந்தது. தண்டனை அடியும் சேர்ந்து அந்தக் குழியில் 7. டபுள் போகி.

விஷயம் என்னன்னா, இதே குழியில் இரண்டு நாளுக்கு முன்னால், வெள்ளிக்கிழமை, அவர் துணிந்து ஓடையைத் தாண்டி அடித்து 3 எடுத்திருந்தார். ரிஸ்க் எடுத்த நாளில் 3, எடுக்காத நாளில் 7.

முதலில், இந்தக் குழி எப்படி இருக்கும்?

கோல்பில் 'குழி' என்றால் பந்து விழும் ஓட்டை மட்டும் இல்லை. முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து கொடி நிற்கும் கிரீன் வரை உள்ள முழு நீளத்துக்கும் அதுதான் பெயர். 13-ஆம் குழி 'பார் 5', அதாவது நல்ல ஆட்டக்காரர் 5 அடியில் முடிக்க வேண்டியது. 4-இல் முடித்தால் பர்டி, 3-இல் முடித்தால் ஈகிள். 6 என்றால் போகி, 7 என்றால் டபுள் போகி.

பாதை நேராகப் போகாமல் இடது பக்கம் வளையும். ரேஸ் கிரீக் என்ற ஓடையின் கிளை ஒன்று அந்த இடது ஓரமாகவே கூட வந்து, கடைசியில் கிரீனுக்கு முன்னால் குறுக்கே பாயும். தரை வலமிருந்து இடமாகச் சரிகிறது. அதனால் வலது கைக்காரருக்குப் பந்து அவர் பாதத்தை விட உயரத்தில் கிடக்கும். அந்த நிலையில் அடித்தால் பந்து தானாக இடது பக்கம் வளையப் பார்க்கும். அதைத் தடுக்க நினைத்து வலது பக்கம் தள்ளினாலும் ஓடை காத்திருக்கிறது. தண்ணீருக்குப் பயந்து ஓங்கி அடித்தால் பின்னால் நான்கு மணல் பள்ளங்கள்.

இது தற்செயல் இல்லை. பாபி ஜோன்ஸும் மைதான வடிவமைப்பாளர் அலிஸ்டர் மெக்கென்சியும் 1930-களின் தொடக்கத்தில் இந்த மைதானத்தை அமைத்தபோதே, ஆட்டக்காரர் நடுவழியில் நின்று யோசிக்க வேண்டும் என்றுதான் ஓடையை அப்படியே விட்டார்கள்.

பேராக் வாசகருக்குப் பழக்கமான ஒரு செய்தியும் இதில் உண்டு. அகஸ்தா மைதானம் முன்பு ஒரு தோட்டம். நம்ம ரப்பர் எஸ்டேட் மாதிரி இல்லை, செடி கொடி வளர்த்து விற்ற ஃப்ரூட்லேண்ட் நர்சரி. அதனால்தான் அங்கே ஒவ்வொரு குழிக்கும் ஒரு செடியின் பெயர். 13-இன் பெயர் அசேலியா.

தாண்டினால் லாபமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் புரிவதற்காக நாமே வைத்துக்கொண்டவை. ஓர் ஆட்டக்காரர் பத்து முறை ஓடையைத் தாண்ட முயல்கிறார்: ஒரு முறை 3, ஐந்து முறை 4, இரண்டு முறை 5, இரண்டு முறை தண்ணீரில் விழுந்து 6. சராசரி 4.5. இன்னொருவர் பத்து முறையும் ஓடைக்கு முன்னால் நிறுத்துகிறார். இதை 'லே-அப்' என்பார்கள். மூன்று முறை 4, ஆறு முறை 5, ஒரு முறை 6. சராசரி 4.8.

அப்படின்னா எப்போதும் தாண்டுவதுதானே சரி? இல்லை. சராசரி என்பது ஆண்டு முழுக்க ஆடுகிறவருக்கான கணக்கு. கடைசி நாளில் பல அடி முன்னிலையில் இருப்பவருக்கு 3 தேவையில்லை, 6-உம் 7-உம் வராமல் இருந்தால் போதும். பின்தங்கி இருப்பவருக்கு நேர்மாறு. அவருக்கு 5 எடுத்துப் பயனே இல்லை.

அந்த வகையில் மெக்கில்ராய் எடுத்த முடிவு சரி. தப்பாகப் போனது அடி. ஓடைக்கு முன்னால் நின்றுவிட்டால் ஓடை காணாமல் போய்விடாது. இரண்டாவது அடியில் தாண்டவில்லை என்றால் மூன்றாவது அடியில் தாண்டியாக வேண்டும். தொலைக்காட்சி வர்ணனைகளில் லே-அப்பை 'பாதுகாப்பு' என்று சொல்லும்போது இது விட்டுப்போகிறது.

ஜெயித்தவர்கள்

1937-இல் ரால்ஃப் குல்டால் 4 அடி முன்னிலையில் இருந்தார். 12-ஆம் குழியில் அவருக்கு 5, 13-இல் 6. பின்னால் வந்த பைரன் நெல்சன் 12-இல் 2 எடுத்தார், 13-இல் ஈகிள் 3. இரண்டே குழிகளில் 6 அடி வித்தியாசம் புரண்டது. நெல்சன் 2 அடியில் வென்றார். 13-இன் தொடக்கத்தில் இருக்கும் சிறு பாலத்துக்கு இன்று அவர் பெயர்தான்.

1994-இல் ஜெஃப் மேகர்ட் இரண்டாவது அடியிலேயே பந்தைக் குழிக்குள் போட்டார். பார் 5-இல் 2, அதாவது அல்பட்ரோஸ். மாஸ்டர்ஸ் வரலாற்றில் மொத்தம் நாலே அல்பட்ரோஸ்தான், 13-இல் இது ஒன்றுதான். அவர் அந்த ஆண்டு பட்டம் வெல்லும் நிலையில் இல்லை என்பதால் பலருக்கு இது நினைவிலேயே இல்லை.

நினைவில் நிற்பது 2010, ஃபில் மிக்கல்சன். கடைசிச் சுற்றில் முன்னிலையில் இருந்தவர், முதல் அடியை வலது பக்க மரங்களுக்குள் விட்டார். பந்து காய்ந்த பைன் சருகின் மேல் கிடந்தது. நேர் எதிரே இரண்டு மரங்கள், நடுவில் ஒரு சந்து. கொடிக்கு இன்னும் 207 கஜம், ஏறக்குறைய 190 மீட்டர். மேலே சொன்ன கணக்குப்படி அவர் லே-அப் பண்ணியிருக்க வேண்டும். அவருடைய கெடியும் அதைத்தான் விரும்பினார். அவர் 6-ஆம் எண் மட்டையை எடுத்து அந்தச் சந்து வழியாக அடித்தார். பந்து ஓடையைத் தாண்டிக் குழிக்குச் சில அடி தூரத்தில் நின்றது.

அடுத்து அந்தச் சின்ன ஈகிள் பட்டைத் தவறவிட்டார்! கிடைத்தது பர்டி மட்டும்தான். இருந்தும் 3 அடியில் பட்டம் வென்றார். வெறும் எண்ணாகப் பார்த்தால் லே-அப் பண்ணியும் அந்த 4 வந்திருக்கலாம். அந்த அடியைப் பற்றி இன்றும் பேசுவது அதன் துணிச்சலுக்காக, ஸ்கோருக்காக அல்ல.

தண்ணீரில் நனைந்தவர்கள்

இங்கே ஒரு சின்ன வித்தியாசம் முக்கியம். கிந்தா பள்ளத்தாக்கில் தண்ணீர் என்றால் பழைய ஈயக் குட்டைகள். பத்து காஜாவின் கிளியர்வாட்டர் மைதானம் அப்படிப்பட்ட நிலத்தில்தான் இருக்கிறது. குட்டையில் பந்து விழுந்தால் கதை முடிந்தது, தண்டனை அடியை ஏற்று அடுத்த பந்தை எடுக்க வேண்டியதுதான். அகஸ்தா ஓடையோ ஆழமில்லாதது. பந்து கண்ணுக்குத் தெரியும். "காலை நனைத்து அடித்துவிடலாமே" என்ற ஆசை வரும். ஆபத்தே அந்த ஆசைதான்.

1954-இல் பில்லி ஜோ பேட்டன் என்ற அமெச்சூர், அன்று காலை 6-ஆம் குழியை ஒரே அடியில் முடித்து மொத்தக் கூட்டத்தையும் தன் பக்கம் இழுத்திருந்தார். 13-இல் தாண்டப் பார்த்தார், ஓடையில் விழுந்தது, 7. பட்டத்துக்கான பிளே-ஆஃப் வாய்ப்பை ஒரே ஓர் அடியில் தவறவிட்டார். 1985-இல் கர்ட்டிஸ் ஸ்ட்ரேஞ்ச் முன்னிலையில் இருந்தும் 13-இல் ஓடை, 15-இல் குளம். பெர்ன்ஹார்ட் லாங்கர் 2 அடியில் வென்றார்.

உச்சம் 1978. ஜப்பானின் டொமி நகஜிமா இந்தக் குழியில் எடுத்தது 13. ஓடைக்குள் இறங்கி அடித்த பந்து எம்பி வந்து அவர் காலிலேயே விழுந்தது: 2 தண்டனை அடி. கெடியிடம் கொடுத்த மட்டை நழுவித் தண்ணீரைத் தொட்டது: மேலும் 2. பாவம்! 2019-இல் மாறிய விதிகளின்படி இந்த இரண்டுக்குமே இன்று தண்டனை கிடையாது. இப்போது ஆடியிருந்தால் அது 9.

2000-ஆம் ஆண்டில் மலேசியாவுக்குத் தெரிந்த ஒருவருக்கு இந்த ஓடை உதவியது. பிஜியில் பிறந்த இந்திய வம்சாவளி ஆட்டக்காரர் விஜய் சிங், 1980-களில் சபாவின் கெனிங்காவ் கோல்ப் கிளப்பில் பயிற்றுநராக வேலை பார்த்தவர். 1984-இல் மலேசிய பிஜிஏ பட்டம் வென்றவர். 2000 மாஸ்டர்ஸ் கடைசிச் சுற்றில் ஓர் அடி பின்னால் துரத்தி வந்த டேவிட் டுவால், 13-இல் இரண்டாவது அடியை ஓடையில் விட்டார். துரத்தல் அங்கேயே தளர்ந்தது. சிங் 3 அடியில் வென்றார்.

இப்போது குழி மாறிவிட்டதா?

மாறிவிட்டது. முன்பு இதைவிடக் குட்டையாக இருந்ததை 2002-இல் 510 கஜம் ஆக்கினார்கள். அதுவும் பத்தவில்லை. 2014-இல் பபா வாட்சன் வளைவில் இருந்த மரங்களுக்கு மேலேயே அடித்து, முதல் அடியை 366 கஜம் அனுப்பினார். ஓடையைத் தாண்ட அவருக்கு மிஞ்சியது ஒரு குட்டை அடி. அங்கே ரிஸ்க்கும் இல்லை, யோசனையும் இல்லை. பக்கத்து கோல்ப் கிளப்பிடமிருந்து நிலம் வாங்கி, 2023-இல் தொடக்க இடத்தைப் பின்னால் தள்ளினார்கள். இப்போது 545 கஜம், சுமார் 498 மீட்டர். அதனால் லே-அப் பண்ணுகிறவர்கள் கூடிவிட்டார்கள், சுவாரசியம் குறைந்துவிட்டது என்ற புகாரும் உண்டு. 2025-க்குப் பிறகு அந்தப் புகாரை அழுத்திச் சொல்வது கொஞ்சம் கஷ்டம்.

அன்று மெக்கில்ராய்க்கு என்ன ஆனது? 14-இலும் ஒரு போகி. 15-ஆம் குழியும் பார் 5, முன்னால் குளம், அதே கேள்வி. இந்த முறை 7-ஆம் எண் மட்டையால் மரங்களைச் சுற்றி வளைத்து, தண்ணீரைத் தாண்டி, குழிக்குச் சுமார் 6 அடி தூரத்தில் நிறுத்தினார். மிக்கல்சனைப் போலவே ஈகிள் பட்டைத் தவறவிட்டு பர்டி எடுத்தார். பிளே-ஆஃபில் ஜஸ்டின் ரோஸை வென்று, நான்கு பெரும் பட்டங்களையும் வென்ற ஆறாவது ஆண் ஆட்டக்காரர் ஆனார். அந்த வாரம் அவர் எடுத்த டபுள் போகிகள் மொத்தம் நான்கு. அவ்வளவு டபுள் போகியோடு மாஸ்டர்ஸ் வென்றவர் வேறு யாரும் இல்லை.