இந்திய–இலங்கை மருத்துவ ஒத்துழைப்பு

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையில் மருத்துவ அறிவு, மருத்துவப் பயிற்சி, மருந்து, நோய்த்தடுப்பு, அவசர உதவி ஆகியவற்றில் நடந்துவரும் பரிமாற்றம். அரசுகளுக்கிடையிலான முறையான உதவித் திட்டங்கள் பெரும்பாலும் 2009க்குப் பிந்தியவை. ஆனால் பாக்கு நீரிணையைக் கடந்து மருத்துவ நூல்களும் வைத்தியர்களும் நோயாளிகளும் போய்வந்த வரலாறு அதைவிட மிகப் பழையது.

தொன்மைக் காலம்

இலங்கையின் நாட்டு மருத்துவம் ஆயுர்வேதத்தோடும், வடக்கு கிழக்கில் சித்த மருத்துவத்தோடும் வேர்ப் பிணைப்புக் கொண்டது. 4ஆம் நூற்றாண்டின் புத்ததாச மன்னன் தானே மருத்துவனாக விளங்கினான் என்று மகாவம்சம் சொல்கிறது. ‘சாரார்த்த சங்கிரகம்’ என்ற சமஸ்கிருத மருத்துவ நூலை இயற்றியவனும் அவனே என்பது மரபு. மிகுந்தலையில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மருத்துவமனையின் இடிபாடுகள் உள்ளன. அங்குள்ள கல் தொட்டி ஒன்று ஆள் படுக்கும் அளவுக்கு, தலை, தோள், கால் வடிவத்தோடு உள்ளே குடையப்பட்டிருக்கிறது. நோயாளியை அதில் கிடத்தி எண்ணெயும் கஷாயமும் ஊற்றிச் சிகிச்சை அளித்திருக்கிறார்கள். காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள திருமுக்கூடலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையை, அதாவது மருத்துவமனையைப் பற்றிப் பேசுகிறது. மருத்துவர், மூலிகை கொண்டுவருவோர், செவிலியர், நாவிதர் ஆகியோருக்கான படிகள் அதில் குறிக்கப்பட்டுள்ளன. இவ்விரு நிலையங்களுக்கும் நேரடித் தொடர்பு இருந்ததாகக் கொள்ளச் சான்று இல்லை. கோயிலும் விகாரையும் மருத்துவமனை நடத்தும் வழக்கம் கடலின் இரு கரையிலும் இருந்தது என்ற அளவில் நிற்பதே பொருத்தம்.

யாழ்ப்பாண அரசர்கள் காலத்தில் செகராசசேகரம், பரராசசேகரம் என்ற தமிழ் மருத்துவ நூல்கள் தொகுக்கப்பட்டன. ஏட்டில் கிடந்த இவை 20ஆம் நூற்றாண்டில்தான் அச்சேறின.

காலனிக் காலம்

கொழும்பில் 1870இல் மருத்துவக் கல்லூரி தொடங்கும் முன்பு இலங்கை மாணவர் சிலர் கல்கத்தா மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டனர். அதே காலத்தில் யாழ்ப்பாணம் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 60க்கும் மேற்பட்டோர் அவரிடம் பயின்றனர். அவரும் அவருடைய மாணவர்களும் ஆக்கிய நூல் வரிசையில் ‘கெமிஸ்தம்’ 1875இல் நாகர்கோவிலில் அச்சானது. ஈழத்துத் தமிழில் எழுதிய வேதியியல் நூல் குமரிக்கரை அச்சகத்தில் உருவானதை மருத்துவ வரலாற்று நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. ஒத்துழைப்பு என்ற பெயர் இல்லாமலே நடந்த ஒத்துழைப்பு அது.

இக்காலத்தில் மிக விரிவாகப் பதிவானது தோட்டத் தொழிலாளர் குடிபெயர்வோடு வந்த நோய்த்தடுப்பு ஏற்பாடுகள். 1830கள் முதல் திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து மக்கள் இலங்கை மலைநாடான ‘கண்டிச் சீமை’க்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போயினர். தலைமன்னார், அரிப்பு போன்ற கரைகளில் இறங்கி, தண்ணீர் அரிதான வன்னிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். காலராவும் காய்ச்சலும் பட்டினியும் வழியெங்கும் உயிர்களைக் கொண்டுபோயின. 1840களில் மட்டும் 70,000 பேர் மாண்டதாகக் கொழும்பு நாளிதழ் ஒன்று 1849இல் கணக்கிட்டது. வேறு வழியாக ஊர் திரும்பியவர்களையும் இறந்தவர்களாக எண்ணியதால் இந்தத் தொகை மிகை என்பது பின்வந்த ஆய்வாளர் சிலரின் கருத்து. குறைத்துக் கணக்கிட்டாலும் இழப்பு பேரளவானது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழி மாறியது. தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையிலும், இலங்கைப் பக்கம் ராகமையிலும் முகாம்கள் இயங்கின. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் ரயில்–கப்பல் தொடர்பு திறக்கப்பட்டதும் மண்டபம் தலைமை முகாமானது. இந்திய மண்ணில், இலங்கை அரசின் செலவில், இலங்கை அரசின் மருத்துவ அதிகாரிகள் நடத்திய முகாம் அது. ஆளெடுப்பைக் கவனித்த இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் திருச்சிராப்பள்ளியில் இருந்தது.

ஆளெடுத்துக் கூட்டிவரும் கங்காணியோடு ரயிலில் வந்திறங்கிய குடும்பங்கள் மண்டபத்தில் சில நாட்கள் தங்கவைக்கப்பட்டன. பெரியம்மைக்கு அம்மை குத்தினார்கள். உடுத்தியிருந்த துணியை வாங்கி நீராவியில் வைத்துக் கொடுத்தார்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு உள்ளவரைப் பிரித்து வைத்தார்கள். பின்னாளில் கொக்கிப்புழுவுக்கும் மருந்து கொடுக்கப்பட்டது. காலராவும் பெரியம்மையும் தோட்டங்களுக்குள் பரவாமல் தடுத்ததில் இம்முகாமுக்குப் பங்கு உண்டு என்று அரசு அறிக்கைகள் சொல்கின்றன. அங்கு தங்கியோர் பக்கத்திலிருந்து எழுத்துப் பதிவு மிகக் குறைவு. ஆகவே இம்முகாமைப் பொதுச் சுகாதாரச் சாதனை என்று கொள்வதா, கூலியாட்களைத் தோட்டத் துரைமாருக்குச் சேதமின்றிச் சேர்ப்பிக்கும் ஏற்பாடு என்று கொள்வதா என்பது எழுதுவோரைப் பொறுத்து மாறுகிறது. இரண்டுக்கும் இடமிருக்கிறது.

1939 ஆகஸ்டில் இந்திய அரசு இலங்கைக்குத் தோட்டக் கூலிகள் செல்வதைத் தடைசெய்ததும் முகாமின் வேலை சுருங்கியது. 1964க்குப் பின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளரும், 1983 கலவரத்துக்குப் பின் இலங்கை அகதிகளும் இதே மண்டபத்தில்தான் தங்கினார்கள். ‘மண்டபம் முகாம்’ என்பது இன்றும் ஒரு ரயில் நிலையத்தின் பெயர்.

1948 முதல் 1983 வரை

இரு நாடுகளும் விடுதலை பெற்றபின் கொழும்புத் திட்டத்தின் கீழ்ப் பயிற்சிப் பரிமாற்றம் நடந்தது. இலங்கையில் பேராசிரியர் சேனக்க பிபிலேயின் முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவாகி, மருந்துகளை வணிகப் பெயரில் அன்றி மூலப்பெயரில், திறந்த கேள்விப்பத்திரம் மூலம் வாங்கத் தொடங்கியது. இந்தியா 1970இல் இயற்றிய காப்புரிமைச் சட்டத்தால் அங்கு மலிவு மருந்து உற்பத்தி வளர்ந்த காலமும் அதுவே. இலங்கையின் மருந்துத் தேவையில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து வரும் இன்றைய நிலைக்கு அடித்தளம் இங்கே இடப்பட்டது.

போர்க்காலம்

1987 ஜூலை 29இல் இந்திய–இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி இந்திய அமைதிப்படை வடக்கு கிழக்கில் நிலைகொண்டது. பின்னர் அப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் சண்டை மூண்டது. அவ்வாண்டு அக்டோபர் 21, 22 நாட்களில் அப்படையினர் புகுந்த யாழ்ப்பாணம் பொது மருத்துவமனைக்குள் நோயாளிகள், மருத்துவர்கள், தாதியர் உட்பட 60 முதல் 70 பேர் கொல்லப்பட்டனர். உள்ளிருந்து புலிகள் சுட்டதால் மூண்ட சண்டையில் சிக்கி இறந்தார்கள் என்பது இந்தியத் தரப்பின் விளக்கம். நிராயுதபாணிகள் சுடப்பட்டார்கள் என்பது உயிர் தப்பியோரின் சாட்சியம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் எழுதிய ‘முறிந்த பனை’ இதை விரிவாகப் பதிந்துள்ளது. மருத்துவ ஒத்துழைப்பைப் பற்றிய அரசு வெளியீடுகளில் இந்நிகழ்வுக்கு இடமில்லை. யாழ்ப்பாணத்து மருத்துவப் பணியாளர்கள் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறார்கள்.

இதே ஆண்டுகளில் அரசுகளின் தலையீடு அதிகமின்றி ஒரு தொழில்நுட்பம் இந்தியாவிலிருந்து இலங்கைக்கு வந்து நிலைத்தது: ஜெய்ப்பூர் கால். 1960களின் இறுதியில் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தியும், பள்ளிப்படிப்பு அதிகமில்லாத சிற்பக் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து இதை உருவாக்கினர். மேலைநாட்டுச் செயற்கைக் கால் சப்பாத்துக்குள் மறைவதற்காகச் செய்யப்பட்டது. கணுக்கால் மடங்காது, குந்தி உட்காரவும், சம்மணமிடவும், சேற்றில் இறங்கவும் உதவாது. சர்மாவின் பாதம் உள்ளே மரமும் பஞ்சு ரப்பரும் வைத்து, வெளியே தோல் நிற ரப்பர் போர்த்தி, அச்சில் வேகவைத்து எடுக்கப்படுவது. விரல்கள் தெரியும். வெறுங்காலோடு வரப்பில் நடக்கலாம், மரம் ஏறலாம், கோயிலுக்குள் போகலாம். மேல்தண்டு அலுமினியத் தகடு. நோயாளியின் அளவுக்கு ஏற்பச் சுத்தியலால் தட்டித் தட்டி உருவாக்குவார்கள். பின்னர் பிளாஸ்டிக் குழாயும் பயன்பாட்டுக்கு வந்தது. உள்ளூர்க் கம்மியரே பழுது பார்க்கக்கூடிய எளிமைதான் இதைப் போர் நடக்கும் நாட்டுக்குப் பொருத்தமாக்கியது.

கொழும்பு ‘ஃபிரெண்ட்-இன்-நீட் சொசைட்டி’ என்ற பழைய அறநிறுவனம் 1985இல் இக்காலைச் செய்யத் தொடங்கியது. 1987இல் யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிறுவனம் தோன்றி, சுற்றிலும் சண்டை நடந்த ஆண்டுகளிலும் மிதிவெடியில் கால் இழந்தவர்களுக்குக் கால் செய்து கொடுத்தது. அதன் வேலை இன்றும் தொடர்கிறது. இக்கட்டுரையில் வரும் பல கோடி ரூபாய்த் திட்டங்கள் எதையும்விடக் கூடுதல் காலம் நிலைத்திருப்பது இதுவே.

2009 கள மருத்துவமனை

இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான போரின் கடைசி மாதங்களில், 2009 மார்ச்சில், இந்திய மருத்துவக் குழு ஒன்று திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டையில் கள மருத்துவமனை அமைத்தது. போர் நடந்த புதுமாத்தளன் கரையிலிருந்து செஞ்சிலுவைக் குழுவின் கப்பலில் கொண்டுவரப்பட்ட காயமுற்றோருக்கு முதல் அறுவைச் சிகிச்சை இங்கே கிடைத்தது. எறிகணைச் சிதறல், எலும்பு முறிவு, நாட்பட்டு அழுகிய காயங்கள் என்று வந்தவர்களில் குழந்தைகளும் முதியவர்களும் அதிகம். பின்னர் இக்குழு வவுனியா செட்டிக்குளம் முகாம்களுக்கு இடம்பெயர்ந்தது. செப்டம்பர் வரை சுமார் 50,000 பேருக்குச் சிகிச்சையும் 3,000 அறுவைச் சிகிச்சைகளும் அளித்ததாக இந்திய வெளியுறவு அமைச்சகம் தெரிவித்துள்ளது.

இப்பணியை மதிப்பிடுவதில் இரு கருத்துகள் உண்டு. தமிழ்நாட்டிலும் புலம்பெயர்ந்தோரிடையிலும் பலர், போரை நிறுத்தச் செய்யாத அரசு காயத்துக்குக் கட்டுப்போட மட்டும் வந்தது என்று கண்டித்தார்கள். கப்பலில் வந்த காயமுற்றோருக்கு அந்நாட்களில் இங்கே அறுவைச் சிகிச்சை கிடைத்தது என்பதும் உண்மை. அடுத்த ஆண்டு வவுனியாவில் ஜெய்ப்பூர் கால் பொருத்தும் முகாம் நடந்தது. வவுனியா மருத்துவமனைக்கு 200 படுக்கை விடுதித் தொகுதியும், கிளிநொச்சி, முல்லைத்தீவு மருத்துவமனைகளுக்குக் கருவிகளும் இந்தியக் கொடையாகக் கிடைத்தன.

டிக்கோயா மருத்துவமனையும் 1990 ஆம்புலன்ஸும்

மலையகத்தில் ஹட்டனுக்கு அருகே டிக்கோயாவில் 150 படுக்கை மருத்துவமனையை 2017 மே 12இல் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்தார். லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் வாழும் தோட்ட மக்களுக்கு இது குறிப்பிடத்தக்க வரவு. தோட்ட மருந்தகங்கள் நெடுங்காலம் கம்பனிகளின் பொறுப்பில் இருந்து, அரசு மருத்துவச் சேவையோடு முழுமையாக இணையாமல் கிடந்தன. மண்டபத்தில் அம்மை குத்திக்கொண்டு போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தியப் பணத்தில் மருத்துவமனை கட்டப்பட்டதைத் திறப்பு விழாச் செய்திகள் கவனித்ததாகத் தெரியவில்லை.

பரவலாக அறியப்பட்ட திட்டம் ‘1990 சுவசெரிய’ இலவச ஆம்புலன்ஸ் சேவை. இந்தியாவின் 108 சேவையைப் பின்பற்றி, 75.6 லட்சம் டாலர் இந்தியக் கொடையோடு 2016 ஜூலை 28இல் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளுடன் தொடங்கியது. முதல் தொகுதிப் பணியாளர்கள் ஹைதராபாத்தில் பயிற்சி பெற்றனர். தொடக்கத்தில் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. இந்திய உளவுக்கு வழி திறக்கும் என்று சில கட்சிகளும், உள்ளூர்ச் சேவையை ஒதுக்குகிறது என்று சில மருத்துவ அமைப்புகளும் கூறின. 2018இல் தனிச் சட்டத்தின் மூலம் இலங்கை அரசின் நிறுவனமானதும், அதே ஆண்டு ஜூலையில் யாழ்ப்பாணத்தில் நடந்த விழாவோடு வடமாகாணத்துக்கு விரிந்ததும் அக்குரல் தணிந்தது. 1990க்கு அழைத்தால் மும்மொழியிலும் பதில் கிடைக்கும். தமிழில் பேசி ஆம்புலன்ஸ் வரவழைக்க முடிவது வடக்கிலும் மலையகத்திலும் சிறிய விஷயமாகக் கருதப்படுவதில்லை.

இந்திய மருத்துவர்கள் இலங்கையில் தொழில் செய்ய இடமளிக்கக்கூடிய வணிக உடன்படிக்கைகளை இலங்கை அரச மருத்துவ அதிகாரிகள் சங்கம் தொடர்ந்து எதிர்த்துவருகிறது.

அண்மைக் காலம்

2021 ஜனவரி 28இல் 5 லட்சம் கோவிஷீல்டு தடுப்பூசிகள் கொடையாக வந்தன. பின்னர் இந்தியாவில் இரண்டாம் அலை எழுந்து ஏற்றுமதி நின்றதால், முதல் ஊசி போட்ட பல லட்சம் இலங்கையர் இரண்டாவதுக்குக் காத்திருந்தனர். ஜப்பான் அனுப்பிய தொகுதியால் அக்குறை நீங்கியது. 2022 மார்ச்சில் பொருளாதார நெருக்கடியால் பேராதனை மருத்துவமனை திட்டமிட்ட அறுவைச் சிகிச்சைகளை நிறுத்தியபோது இந்தியா மருந்து அனுப்பியது. மே 18இல் சென்னையிலிருந்து புறப்பட்ட தமிழ்நாடு அரசின் முதல் கப்பலில் 9,000 டன் அரிசி, 200 டன் பால்மா ஆகியவற்றோடு 24 டன் உயிர்காக்கும் மருந்தும் சென்றது. 2023இல் இந்தியாவிலிருந்து வந்த கண் சொட்டு மருந்து ஒன்றால் நோயாளிகள் சிலருக்குத் தொற்று ஏற்பட்டு, இறக்குமதி மருந்தின் தரம் பற்றிய கேள்வி எழுந்தது.

தனியார் சிகிச்சைக்காகச் சென்னை, மதுரை, வேலூர் வரும் இலங்கையர் பலர். இவர்களுக்குப் பயன்படும் யாழ்ப்பாணம் பலாலி–சென்னை விமானச் சேவை 2019இல் தொடங்கி, கொரோனாவால் நின்று 2022 டிசம்பரில் மீண்டது.

2025 ஏப்ரலில் சுகாதாரம், மருந்துத் தரநூல் ஆகியவை பற்றி இரு உடன்படிக்கைகள் கையெழுத்தாயின. அவ்வாண்டு இறுதியில் டித்வா புயலுக்குப் பின் இந்திய ராணுவத்தின் கள மருத்துவமனை மகியங்கனையில் இயங்கியது.